கச்சாமி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேலே ஓர் அறை,
ஞாயிறு மதியம் மட்டும் எங்களுக்கு.
பாலிஷ் மோட்டார் லீவில் இருக்கும்.
அமிலத்தின் வாடை மட்டும்
படிக்கட்டில் வேலைக்கு வந்திருக்கும்.

ஐந்து பேர். ஒரு ஜெராக்ஸ்.
பாலி மொழி, தமிழ் எழுத்தில்.
எழுத்துகளின் தோளில் பேன் மாதிரி
குட்டிக் குட்டி எண்கள்.
துரைக்கண்ணு அதையும் சேர்த்தே படித்தார்:
பு மூணு, த் மூணு, த நாலு, ம்.
ஸ்டீல் பிளாண்டில் முப்பது வருடம்
சுருளில் இருந்த எண்ணை
இருந்தபடி வாசித்துப் பழகியவர்.

சரணம் எல்லோருக்கும் சுலபமாக வந்தது.
அதுதான் சிக்கல்.
தென்னரசுவுக்கு அதன் பின்னால் ஓர் ஐயப்பா வேண்டும்,
பதினெட்டு வருடம் மாலை போட்ட தொண்டை.
சங்கம் என்றால் துரைக்கண்ணுவுக்கு
கேட் கூட்டம், சந்தா ரசீது,
பாதியில் நின்ற ஸ்டிரைக்.
அங்கேயும் சரணம்னுதான் போனோம், என்றார்.
டீ ஆறிவிட்டது.

என் பிழை வேறு.
எல்லாம் துக்கம் என்று டைப் அடித்தேன்,
து, தூ ஆகிவிட்டது.
எல்லாம் தூக்கம்.
இருபது பிரதி எடுத்த பிறகு பார்த்தேன்.
நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்த சகாயமேரி
திருத்தாதீங்க, இதுவும் நிஜந்தான் என்று
சுவரில் தலையைச் சாய்த்தாள்.

நான் வெல்ல மண்டியில் ஏலம் விடுகிறவன்.
ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்,
இதற்குள்தான் என் சோறு.
இங்கேயும் மூன்று தரமாம்.
துதியம்பி. ததியம்பி.
மூன்றாவதில் குரல் தானாக ஏறும்,
கை மணியைத் தேடும்.
யார் பேரில் எழுதுவது புத்தரை, என்ன விலைக்கு?

கச்சாமியில்தான் மாட்டினோம்.
போகிறேன் என்று எழுதினேன்.
ஜெகதாம்பாள் பேனாவைப் பிடுங்கினாள்:
வாயில நல்லது வராதா உனக்கு?
போய்ட்டு வர்றேன்னு போடு.
பெரியாஸ்பத்திரியில் வார்டு ஆயா அவள்.
போறேன்னு சொன்னவங்க ரெண்டு பேரப் பாத்திருக்கேன்,
ரெண்டு பேரும் விடியறதுக்குள்ள போயிட்டாங்க.

துரைக்கண்ணு தாளைப் புரட்டினார்.
திரும்பி வராதவர்னு ஒரு நிலையே இருக்கும்மா இதுல.
ஒசந்த நிலை.
இருந்துட்டுப் போகட்டும்,
நான் ஊற வெச்ச அரிசிய யாரு ஆட்டுவா?

தமிழில் அந்த இடத்தைக் காலியாக விட்டோம்.
ஏழு வாரம்.

தை கடைசியில் அவள் தம்பி போனான்.
ஏற்காட்டில் மிளகு பறிக்கும்போது
ஒற்றை மூங்கில் ஏணி நழுவி.
சட்டைப் பையில் பச்சை மிளகு
ஒரு கைப்பிடி இருந்ததாம்.

துக்கம் விசாரிக்கப் போனோம், நால்வரும்.
அம்மாபேட்டைச் சந்து, வாடகை நாற்காலி.
விசாரிக்க என்ன இருக்கிறது?
அந்தச் சொல்லை இத்தனை வாரம்
பலகையில் எழுதி, அம்புக்குறி போட்டு,
நாலு விதமாகப் பெயர்த்திருக்கிறோம்.
வந்து உட்கார்ந்தால் ஒன்றும் வாயில் இல்லை.

சொல்லுங்க, என்றாள் அவளே.
தப்பு அடித்தவர்கள் குச்சியை இறக்கினார்கள்.
சொன்னோம்.
துதியம்பி என்றபோது அவள் நிமிர்ந்தாள்,
ததியம்பி என்றபோது இன்னும்.
தம்பி என்று காதில் விழுந்திருக்கும்.
மூன்றாம் தரத்தில் என் குரல் ஏறவில்லை.
கை மடியிலேயே கிடந்தது.

கிளம்பும்போது வழக்கப்படி
யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.
இந்த ஒரு வீட்டில்தான்
வருகிறேன் என்று சொல்லக் கூடாது.
செருப்பைத் தேடினோம், மாட்டினோம்,
நடந்தோம்.
சந்து முனையில் துரைக்கண்ணு நின்று
என் முகத்தைப் பார்த்தார்.
எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது.
இருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தாள்.
காலி இடம் அப்படியே இருந்தது,
விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.
சொல்லி முடித்து, பாதிப் படி இறங்கியவள்
நின்று, மேலே பார்த்து,
வர்றேன் என்றாள்.