தண்டு 41

உஃபா நகரம். சுழிக்குக் கீழே இருபத்தெட்டு.
அழுத்த இயந்திரத்தின் காலடியில் மட்டும் கோடை.

கட்டைவிரல் தடிமனில்
அரைச்சாண் டைட்டேனியம்.
முழங்கை போல மடங்கும் வழிக்குள்
அதைத் தள்ளுகிறேன்.
அந்தப் பக்கம் வருகிறது:
அதே தடிமன், அதே நீளம்,
மேலே கொஞ்சம் கரி.
கால் சுற்று திருப்பி மறுபடி.
எட்டு முறை.

பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பையன் கேட்டான்,
என்ன மாறியது?
ஒன்றுமில்லை என்றேன்.
அதற்குத்தான் சம்பளம்.

உள்ளே
முழுக் கோதுமை ரவையாகியிருக்கும்,
ரவை மாவாகியிருக்கும்,
மாவுக்கு அப்புறம் பெயரில்லை.
துணுக்குக்குத் துணுக்கு வேலி.
வளைக்க வரும் விசை
வேலி தோறும் முட்டித் தயங்கும்.
வனேடியம் கலக்கவில்லை, எதுவும் கலக்கவில்லை,
தன்னைத்தானே நொறுக்கிக்கொண்டு உறுதியானது.
ஆனால் மிஞ்சிய சூடு காட்டக் கூடாது:
வேலிகள் கரைந்து
பழைய பருமணிகள் திரும்பிவிடும்.
சுவரில் அந்த எச்சரிக்கைத் தாள்
நான் தட்டச்சு செய்தது.

நேற்று இரவுப் பணியில் தொலைபேசி.
ஃபன்ஸில்.
ஆகிதேல் ஆற்றின் உறைபனியில்
மீனுக்குத் துளை போட்ட துரப்பணம் சிக்கி,
பிடி திரும்பித் தாடையில் அடித்ததாம்.

பல் போனால் சொல் போச்சு.
எங்களுக்குச் சொல் போய் ஆறு வருடம்,
பல் இந்த டிசம்பரில்தான்.
அதற்கு முன் பதினோரு வருடம்
பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினோம்;
யார் அதிகம் கடித்தது என்று
நீதிமன்றத்திலும் தெளிவாகவில்லை.

"எலும்பு ஒல்லியாம், மின்ஸிஃபா.
வழக்கமான திருகு போட்டால் பிளந்துவிடுமாம்.
மெல்லியதாய் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
அட்டையில் 41 என்று இருக்கிறது.
உன் கையா?"

பதிவேட்டைப் புரட்டினேன்.
அக்டோபர் ஒன்பது.
ஐந்தாம் முறையில் நடுவழியில் சிக்கி
விடியும்வரை என்னை நிற்கவைத்த தண்டு.
நான் திட்டியது பதிவாகவில்லை.

"என் கைதான்."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு,
"குளிரில் வலிக்குமா?"
"எலும்பு அதை ஏற்க மூன்று மாதம்.
அதுவரை அந்தப் பக்கம் கடிக்காதே."
"எதை?"
"எதையும்."

சிரித்தான்.
இன்னும் பல் வராத இடைவெளியில்
காற்று சீழ்க்கையடித்தது.
பதினோரு வருடத்தில்
அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

இயந்திரத்தில் தண்டு 63,
மூன்றாம் முறை முடிந்து.
வைத்துவிடுகிறேன் என்று சொல்லி
வைக்காமல்
ஒற்றைக் கையால்
கால் சுற்று திருப்பினேன்.