முப்பது அடிக்கு அப்பால்

ஒன்பதாவது கமெரா கிடைத்தது
புளியந்தீவில், தையல் மெசின் திருத்தும்
டொறீன் ஓக்கஸின் லாச்சிக்குள்.
பொபின்கள், முறிந்த ஊசிகள், ஒரு கிழிந்த பெல்ற்,
அடியில் மடங்கிக் கிடந்தது பில்லி.
மூவாயிரம் என்றாள்.
தூரம் வைக்கும் வளையம் திரும்பவில்லை என்று காட்டினேன்.
"திரும்பினா ஆறாயிரம்."

ஏன் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும்.
அக்ஃபாக்காரன் பூசிய பச்சைக் கிறீஸ்
எழுபது வருடத்தில் சீமெந்தாகிவிடும்.
லைற்றர் பெற்றோல் இரண்டு சொட்டு,
மேனகாவின் தலைமுடி உலர்த்தி, மறுபடி இரண்டு சொட்டு.
மூன்றாம் இரவு
பல்லி சொன்னதுபோல ஒரு சத்தம்.
பல்லியல்ல, வளையம்.

துருத்தியின் வருத்தம் வேறு.
மடிப்பு மூலைகளில்தான் ஓட்டை விழும்,
பள்ளிச் சட்டை முழங்கையில் கிழிவதுபோல.
அறையை இருட்டாக்கி உள்ளே ரோர்ச் அடித்தால்
சின்னதாய் ஒரு வானம்.
எண்ணினேன், பதினாலு வெள்ளி.
காத்தான்குடியில் குடைத்துணி வாங்கி
ஒட்டி, கறுப்புப் பூசி, காயவிட்டு, அடித்தேன்.
மூன்று வெள்ளி மிச்சம்.
மறுபடி.

வாவிக்காற்று கண்ணாடிக்கு ஆகாது, பூஞ்சணம் பிடிக்கும்.
மற்ற எட்டும் பால்மா ரின்களுக்குள்
வறுத்த அரிசியோடு இருக்கின்றன.
"நம்மட வீட்டில கமெராவும் சோறு தின்னுது"
என்று மேனகா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

இவை ஒன்றுக்கும் தூரம் பார்க்கத் தெரியாது.
நாம்தான் சொல்ல வேண்டும்:
நாலடி, ஆறு, எட்டு, பத்து, பதினைந்து, முப்பது.
அதன்பின் படுத்துக் கிடக்கும் ஓர் எட்டு.
முப்பது அடி தாண்டினால் ஜெர்மன்காரனுக்கு முடிவிலி.
அவன் கணக்கில்
பக்கத்து வளவுக் கிணறு முடிவிலி.
வெபர் மைதானத்தில் துடுப்புப் பிடித்து நிற்பவனுக்கு
பந்து வீசுபவன் முடிவிலி.
கல்லடிப் பாலமும், அதில் தூண்டில் போடுகிறவர்களும்,
எதிர்க்கரையும், அதற்கு மேலே நிலவும்
எல்லாம் ஒரே தூரம்.

எப்படி அளக்காமலே சரியாய்ச் சொல்கிறாய் என்பார்கள்.
பழக்கம் என்பேன்.

பழக்கந்தான்.
தொண்ணூறாம் ஆண்டு எங்களுக்கு வேறு வாய்ப்பாடு.
வெளிச்சம் தெரிந்ததும் தொடங்க வேண்டும்,
ஒண்டு, ரெண்டு, மூண்டு,
சத்தம் வரும்வரை.
மூன்றுக்கு ஒரு கிலோமீற்றர்.
தங்கச்சி எண்ணுவாள், நான் வகுப்பேன்.
பதினெட்டு வந்தால் திரும்பிப் படுப்போம்.
இரண்டு வந்தால்
வகுக்க நேரமில்லை.

போன ஞாயிறு பின்னேரம்
அவளை நாவலடிக் கரையில் நிறுத்தினேன்.
மூன்று பிள்ளைக்குத் தாய், வங்கியில் காசு எண்ணுகிறாள்.
ரேப்பை நான் வெளியில் எடுக்கவில்லை.
"எத்தனை அடி, சுகிர்தா?"
"ஏழு."
நானும் ஏழுதான் நினைத்திருந்தேன்.
வளையத்தை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் விட்டேன்.
அவள் மூச்சைப் பிடித்தாள், நான் நெம்பைத் தட்டினேன்.
நெருப்புக்குச்சி முறிகிற சத்தம், அவ்வளவே.
எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு பிலிமைச் சுற்ற மறந்துபோனேன்.
முதுகிலுள்ள சிவப்பு யன்னலில்
ஐந்து, ஐந்தாகவே நின்றிருக்கிறது.
திரும்பும் வழியில் அதே ஐந்தின் மேல்
பாலத்தை எடுத்திருக்கிறேன், முடிவிலியில் வைத்து.

குசினியில் கழுவித் தூக்கிப் பார்த்தால்
அவள் நெற்றிக்குள்ளால் போகிறது கல்லடிப் பாலம்.
இரும்பு வளைவுகள் காதிலிருந்து காதுக்கு.
இடக்கண்ணில் ஒரு ஓட்டோ நிற்கிறது,
ஆளை இறக்கவா ஏற்றவா தெரியவில்லை.
போனில் அனுப்பினேன்.
பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"எல்லாஞ் சரி. மறுகா, என்ட மூக்கு எங்க?"

நேற்று டொறீன் அழைத்தாள்.
இன்னொன்று வந்திருக்கிறதாம், நாலாயிரமாம்.
வளையம் திரும்புதா என்று கேட்டேன்.
"எல்லாந் திரும்புது," என்றாள்,
"அதுதான் பிரச்சினை."