ரத்துக் கட்டணம்

ஆபீசர்ஸ் லைனில், மாடிப்படிக்குக் கீழே
எட்டுக்குப் பத்து அறை என் அலுவலகம்.
சுவரில் போன வருஷத்துக் காலண்டர்;
அதில் என் வாடிக்கையாளர் ஒருவரும்
போய்ப் பார்த்திராத பனிமலை.

ஞானவரம் சார் வந்தது மத்தியானம் மூன்றுக்கு.
வேலூர் வெயில் அவர் சட்டை முதுகில் படமாக ஒட்டியிருந்தது.
"ரத்து பண்ணிடுங்க வடிவு."
இரண்டு டிக்கெட், ஆறு இரவு,
ஒரு வேன், அதன் டிரைவர்.

அந்த நாட்டு மந்திரிகள்
பள்ளிக்கூடக் கூரையைத் தின்ற செய்தியை
இரண்டாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.
"என் காசுல ஒரு ரூபாகூட
அவனுங்க வாயில விழக் கூடாது."

சிரிப்பு வந்தது.
அவர் பாஸ்போர்ட்டே
விசாரிக்க வந்த ஏட்டுக்கு
நான் தந்த ஐந்நூறில்தான் நகர்ந்தது.
பில்லில் அதற்குப் பெயர் இதர செலவு.
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஆனால் பார்த்துச் சிரிக்கக்கூடிய மனிதர் இல்லை அவர்.
கல்லூரி வேலைக்கு எட்டு லட்சம் என்றபோது
வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தவர்.
பதினேழு வருஷம் தற்காலிக வாத்தியார்.
மே மாதம் சம்பளம் கிடையாது.
மிச்சப் பதினொன்றில் பிடித்துப் பிடித்துச் சேர்த்தது
அந்த ஆறு இரவு.

அவர் போனபின் கணக்குப் போட்டேன்.
டிக்கெட் அந்த நாட்டு அரசாங்க விமானம்:
பாதிப் பணம் திரும்பாது.
விசா கட்டணம்: திரும்பவே திரும்பாது.
முழுசாகத் திரும்பியது
வேன் வாடகை மட்டும்.

இருட்டுகிற நேரத்தில் வேன்காரன் செய்தி அனுப்பினான்.
"மழைக்குப் பயந்துட்டாங்களா மேடம்?
இங்கே மழையே இல்லை."
என்னுடையதைப் போலவே உடைந்த இங்கிலீஷ்.
கூடவே, கழுவித் துடைத்த வேனின் படம்.
அந்த நாட்டு மந்திரி பெயர் எனக்குத் தெரியாது.
இவன் இரண்டாவது பெண்ணுக்கு
அம்மை போட்டது தெரியும்.

காந்தி ரோட்டில் லாட்ஜுகள் விளக்கேற்றிவிட்டன.
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்தபடி
ஷெஃபாலி வந்தாள், திரும்பும் ரயிலுக்கு.
எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி.
அவள் ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து
முன்வாசலில் இறங்கிப் பின்வாசலில் ஏறிவிடுமாம்.
"இங்கேயும் ஆட்டோக்காரன் ஏமாத்தறான்,
லாட்ஜ் பையன் பிடுங்கறான்" என்றாள்
தமிழாகிக்கொண்டிருக்கும் இந்தியில்.
"அப்புறம் ஏன் வர்றீங்க?"
என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.
"இங்கே மருந்து இருக்கே."

பாலத்தின் மேல் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
கீழே பாலாறு, வழக்கம்போல் இல்லாமல் இருந்தது.
இந்த ஆற்றைப் புறக்கணித்தது தண்ணீர் ஒன்றுதான்.
மணல் லாரி ஒரு ராத்திரிகூட வராமல் இருந்ததில்லை.
வறண்டது லாரிக்காரன் தொண்டையா?
சேண்பாக்கத்துக் கிணறு.

இதைச் சாரிடம் சொல்லலாம்.
சொன்னால், "அப்போ நான் போய்ச் சிரிச்சுப்
போட்டோ எடுத்துக்கணுமா?" என்பார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
எழுந்து வந்தவர் ஒருவராவது இருக்கிற ஊரில்
கடை வைத்திருக்கிறேன் என்று
ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் உண்டு.

மறுநாள் காலை ஏட்டு வந்தார்.
குடியாத்தத்துப் பையன் ஒருவனின் காகிதம் கக்கத்தில்.
"இன்னைக்கு இதர செலவு இல்லை சார்" என்றேன்.
நாக்கு எனக்கே புதுசாக இருந்தது.
அவர் கோபிக்கவில்லை.
காலண்டர் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"நல்லதும்மா. வரிசைப்படி வரும்" என்று
படியில் தலை இடிக்காமல் குனிந்து போனார்.

பத்தொன்பதாம் தேதிக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால்
பையனின் குவைத் வேலை இன்னொருவனுக்கு.
இன்று பதினான்கு.
இழுப்பறையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் இருக்கிறது.
திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.