தொடர்

தேக்கா மாடியில், எண் பலகை உடைந்த கடையில்
இரண்டு தையல் இயந்திரம், ஒரு ஓவர்லாக்,
பூவராகன், நான்.
நூல்கண்டு நிற்கும் ஆணியில் சாய்ந்து
அவனுடைய கைப்பேசி.
அதற்குள் ஓர் ஊதா நிற ஆமை
காலையில் வணக்கம் சொல்லும்,
சாயங்காலம் முறைக்கும்.

ஆமை கற்றுத்தந்த முதல் வாக்கியம்:
குதிரை ஆப்பிள் தின்கிறது.
அடுத்தது: என் மாமா ஒரு விமானி.
எங்களிடம் யாரும் குதிரையோடு வரவில்லை.
கை டைட்டாக இருக்கிறது என்று வந்தார்கள்,
பின்கழுத்து இறக்கம் போதாது என்று வந்தார்கள்,
மருமகள் அளவில் தைத்ததைப்
போட்டுப் பார்த்துவிட்டு
மாமியார் ஒருத்தி
எங்கள்மேல் பாய்ந்தாள்.

ஜூலையில் ஒரு சீனப் பெண்மணி.
அலுவலகத்தில் பண்பாட்டு நாளாம்,
வாழ்நாளின் முதல் ரவிக்கை.
கண்ணாடியில் திரும்பிப் பார்த்து
'லெட் இட் அவுட்' என்றார்.
பூவராகன் பலமாகத் தலையாட்டினான்.
நாயை வெளியே விடுவது எப்படி என்று
அன்றுதான் ஆமை நடத்தி முடித்திருந்தது.
நான் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பினால்
ரவிக்கை வெளியே,
நடைவழிக் கம்பியில்
காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது.

பிரித்து விடச் சொன்னாங்கடா, என்றேன்.
பிடிப்பதும் விடுவதும்தானே நம் தொழிலே.
இரண்டு நாள் அவன் பேசவில்லை.
மூன்றாம் நாள் யாரோ ஒரு வியட்நாம்காரனை முந்தி
வெண்கல வரிசையிலிருந்து வெள்ளிக்கு ஏறினான்.

பிறகு உற்பத்தித்திறன் என்று ஒரு படிவம் வந்தது.
ஓர் ஆள், ஒரு நாள், எத்தனை உருப்படி?
ஜூன்: ஏழு.
ஆகஸ்ட்: ஆறு. ஆமைக்கே இருபது நிமிடம் போனது.
அக்டோபர்: எட்டே முக்கால்.
முக்கால் எப்படி, மேடம்? என்றார் வந்த இளைஞர்.
கொக்கி வைக்காதது முக்கால், தம்பி.
எப்படிக் கூடியது என்றும் ஒரு கட்டம் இருந்தது.
கேட்டுத் தைக்கிறான், அதனால் பிரித்துத் தைப்பதில்லை
என்று எழுத அதில் இடம் போதவில்லை.
'பயிற்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின இரவு.
கீழே கடைத்தெருவில் ஒலிபெருக்கி,
மேலே இன்னும் ஒன்பது ரவிக்கை,
வாசலில் ஸ்டூல் போட்டு நான்கு பெண்கள்.
மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.
ஆமை அழத் தொடங்கியது.
நூற்றுப் பன்னிரண்டு நாள் தொடர்
எட்டு நிமிடத்தில் அறுந்துவிடும்.
அவன் கையிலோ ஜரிகை ஓரம்,
விட்டால் சுருங்கும்.
'ஜமீலாக்கா' என்றான். அவ்வளவுதான்.

எடுத்தேன்.
ஓ லெவல் வரை படித்தவள்,
நாற்பது வருடமாக இந்த ஊர் ஆங்கிலத்தில்
வாடகை பேசி, வரி கட்டி,
ஒரு முறை கோர்ட்டுக்கும் போய் ஜெயித்தவள்.
இந்த ஆமை எனக்கு எம்மாத்திரம்?

'நான் சாப்பிட்டுவிட்டேன்.' ஆங்கிலத்தில் எழுதுக.
'ஐ ஈட் ஆல்ரெடி' என்று தட்டினேன்.
சிவப்பு. ஓர் இதயம் உடைந்தது.
சரி, 'ஆல்ரெடி ஈட்'.
இன்னொன்றும் உடைந்தது.
மிச்சம் ஒன்றுதான்.
ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.
கீழே மீன் வெட்டுகிறவரிலிருந்து
மேலே கண்ணாடி போட்ட அதிகாரி வரை
எல்லோருக்கும் புரிவது
இந்தப் பிராணிக்கு மட்டும் ஏன் புரியவில்லை?

தலை நிமிராமல், மிதியை நிறுத்தாமல்,
உதட்டிடுக்கில் குண்டூசியோடு
பூவராகன் சொன்னான்:
'ஐ ஹேவ் ஈட்டன்.'

பச்சை.
நூற்றுப் பதின்மூன்று.
ஆமை எழுந்து ஆடியது.
ஸ்டூலில் இருந்த பெண்கள்கூடக் கை தட்டினார்கள்.

கைப்பேசியை ஆணியில் சாய்க்கப் போனபோதுதான் பார்த்தேன்.
மதியம் நான் வாங்கி வைத்த பரோட்டாப் பொட்டலம்,
கத்தரிக்கோலுக்கு அந்தப் பக்கம்,
ரப்பர் பேண்டு கழற்றாமல்.