முழக்கோல்

அணைக்கரைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வாசித்தார்கள்.
ஒரு முழத்துக்குக் கீழே இருக்கும் விலாங்கு வேண்டாம்,
மூன்று முழத்துக்கு மேலே இருப்பதும் வேண்டாம்.
சின்னது, கடலிலிருந்து இப்போதுதான் கொள்ளிடம் ஏறி வந்தது.
பெரியது, திரும்பிப் போய் முட்டையிட வேண்டியது.
இடைப்பட்டது நமக்கு.

யார் முழம் என்றான் பக்கிரிசாமி.
அவன் கை துடுப்பு மாதிரி.
குஞ்சிதபாதத்தின் மச்சினிக்குப் பூக்கடை,
அவள் முழம் நாருக்கு நார் சுருங்கும்.
சிரித்து முடிக்கவே அரைமணி ஆயிற்று.
மீன்துறை ஆள் சென்டிமீட்டர் என்றார்,
ஒருவரும் காதில் வாங்கவில்லை.
கடைசியில் என் கையைப் பிடித்து மேஜைமேல் நீட்டினார்கள்.
பதிவேட்டில் ஏறியது:
தையல்நாயகி முழம்.

மூங்கில் வெட்டி, மூன்று இடத்தில் சிவப்புச் சாயம் அடித்து
லஸ்கர் அறை வாசலில், ஆணியில் மாட்டினார்கள்.
அதுவரை இந்தக் கை
துணி பிழிய, வளையல் உடைக்க,
பறிக்குள் விட்டுத் துழாவத்தான் இருந்தது.

ஐப்பசி அமாவாசை. மேற்கே எங்கோ மழை.
செந்தண்ணீர் ஷட்டரில் முட்டி நுரைத்தது.
இந்த மாதிரி இரவில்தான் அவை இறங்கும்,
வயிறு வெள்ளி பாய்ந்து, கண் பெருத்து,
இரை எடுப்பதையே விட்டுவிட்டு.

என் பறியில் ஒன்று.
தூக்கும்போதே தோள் சொல்லிவிட்டது.
கிலோ எழுநூறு.
தொட்டி வைத்த காரைக்கால் வண்டி விடியுமுன் வரும்.
திங்கட்கிழமை குழுவுக்குத் தவணை.

கோலை எடுத்து வந்து பக்கத்தில் போட்டேன்.
கோலுக்கு நிமிர்ந்து படுக்குமா விலாங்கு?
வாலை இழுத்தால் தலை சுருண்டது,
தலையை அழுத்தினால் வால் மணிக்கட்டைச் சுற்றியது.
பாம்புக்குத் தலை, மீனுக்கு வால் என்பார்கள்.
எனக்கு அது இரண்டையும் காட்டவில்லை.
ஒருதரம் இரண்டே முக்கால் வந்தது,
இன்னொருதரம் மூன்றே கால்.

எவ்வளவுக்கா, என்றான் லஸ்கர் மாசிலாமணி,
டார்ச்சை என் முகத்தில் அடித்துக்கொண்டு.
இரண்டே முக்கால் என்றிருக்கலாம்.
எழுதிக்கொண்டு போயிருப்பான்.
என் முழத்தில் என்னை யார் மறுப்பது?

கோலைத் தள்ளிவிட்டுக் கையையே வைத்தேன்.
அதன் வளைவோடு வளைத்து,
வழுக்க வழுக்க,
ஒன்று.
இரண்டு.
மூன்று.
மூன்றுக்கு அப்பாலும்
நான்கு விரற்கடை துடித்தது.

கோபம் வந்தது.
கோல்மேல், கூட்டத்தின்மேல்,
இத்தனை வளர்ந்து தொலைத்த இதன்மேல்.
ஷட்டருக்குக் கீழ்ப்பக்கம் இறங்கி விட்டேன்.
போனதற்குச் சத்தமே இல்லை.

பலன் தெரிய ஏழெட்டு வருஷம் ஆகும் என்றிருந்தார் மீன்துறை ஆள்.
எந்த இடத்துக் கடலில் முட்டையிடும் என்று கேட்டேன்.
அது யாருக்கும் சரியாகத் தெரியாதும்மா என்றார்.
அன்றைக்கு அவர் பேசியதில்
அந்த ஒன்றைத்தான் நம்பினேன்.

இடைப்பட்டது இரண்டு கிடக்கிறது தொட்டியில்.
தவணைக்கு நூற்றிருபது குறையும்.
முழங்கை வரை பிசுபிசுப்பு,
சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

கோலைக் கழுவி அதே ஆணியில் மாட்டினேன்.
அக்கரையில் பக்கிரிசாமி பறி தூக்குகிற ஓசை.
ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.
கோல் கேட்டு
யாரும் வரவில்லை.