குறி

இருபத்திரண்டு குதிரைக் கதைகள் எழுதியிருக்கிறேன்.
குதிரையைத் தொட்டது ஒரே தரம்,
மட்டக்களப்புக்கு சர்க்கஸ் வந்தபோது.
அதற்கு ஒரு கண் இல்லை.

என் நாயகர்கள் ஏறிப் போவதெல்லாம்
மாதவனையில் நாங்கள் வைத்திருந்த
எருமை நாம்பனின் முதுகில்தான்.
கவனமாகப் படித்தால் பிடிபடும்:
என் குதிரைகள் நின்ற இடத்தில் அசைபோடும்.

கல்முனையில் அச்சகம் வைத்திருக்கும் உதுமாலெவ்வை
புரூப் தாளில் சிவப்பால் சுழித்திருந்தார்:
"பாலைவனம் எண்டு போட்டிருக்கிங்க,
அட்டை எப்பிடிக் கா கடிக்கும்?"
அட்டையை வெட்டினேன்.
அடுத்த பக்கத்தில் யானைவேலி நின்றது.
அவர் காணவில்லை.

வார்க்கயிறு மட்டும் பிழைக்காது.
அக்கா எறிந்தால் சுருக்கு கொம்பில் விழும்,
நான் எறிந்தால் ஈச்சம்பற்றையில்.
அதனால் என் கதைகளில் கயிறு வீசுவது பெண்.
வாலிபர்கள் திட்டிக் கடிதம் போடுவார்கள்.
அக்காவிடம் காட்டுவேன்,
கறிச்சட்டியைப் பிரட்டிக்கொண்டே சிரிப்பாள்.

குறி சுடுகிற அத்தியாயத்தை
மூக்கால்தான் எழுதுவேன்.
சிவந்த இரும்பு, கருகும் மயிர்,
கன்று கத்தி முடித்தபின் வருகிற
அந்த மௌனம்.
எங்கள் குறி 'வே.பூ', அடியில் ஒரு கோழிக்கால்.

தொண்ணூறில்
காலையின் கடப்பைத் திறந்துவிட்டு ஓடினோம்.

இரண்டு வருசத்துக்குப் பிறகு
வந்தாறுமூலைப் பக்கம் ஒரு பட்டி றோட்டைக் கடந்தது.
நடுவில் எங்கள் சுட்டிப் பசு.
தொடையில் வே.பூ,
அதற்கு மேலே வேறொரு குறி,
புண் இன்னும் காயவில்லை.
அப்பாவைப் பார்த்தபடி நின்றது.
சாய்த்துக்கொண்டு போனவர்களிடம் துவக்கு.

அப்பா சைக்கிள் மணியை ஒருதரம் அடித்தார்,
யாரோ ஊரார் மாட்டை விலக்குவதுபோல.

கடைசி அத்தியாயத்தில்
உச்சி வெயில், தூசி, களவுபோன பட்டி.
நாயகனின் கை இடுப்புக்குப் போய்
அங்கேயே நிற்கும். பக்கம் பக்கமாக நிற்கும்.
"வெடிக்காட்டிச் சனம் காசைத் திருப்பிக் கேக்கும் மனே"
என்பார் உதுமாலெவ்வை.
சரி, வெடிக்க வைப்பேன்.
நாலு பேர் விழுவார்கள். அட்டைப்படம் அதுதான்.

பட்டி ஆற்றைக் கடந்து வீடு திரும்பும்.
புறப்பட்டபோது எத்தனை என்று
முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பேன்.
திரும்பியதும் தலை தலையாக எண்ணுவான்.
ஒன்று குறையும்.

இருபத்திரண்டு கதையிலும் குறையும்.
இதுவரை ஒருவரும்
கூட்டிப் பார்க்கவில்லை.