மனதில் இரண்டு

"மேலால அடிச்சால் ரெண்டு நாள்.
உரிச்சால் அஞ்சு நாள், பட்டி வேற போட வேணும்.
பூச்சும் சேர்ந்து வந்தால் என்னைக் குறை சொல்லக் கூடாது."
யேசுரட்ணம் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வட்டக்கச்சியில் இப்படியொரு சுவரை நான் வேறெங்கும் காணவில்லை:
மஞ்சள் பூ, சாம்பல் இலை, மறுபடி மஞ்சள் பூ,
நிலத்திலிருந்து கூரைமட்டும் ஒட்டிய தாள்.
நாங்கள் ஒட்டியதல்ல.
எங்கள் வீட்டை அலுவலகமாய் வைத்திருந்தவர்களில்
யாரோ ஒருவனுக்கு
வெறும் சுவர் பிடிக்காமல் போயிருக்கிறது.

தொலைபேசி இருந்த மூலையில்
பூக்களின் மேல் பேனைக்கோடுகள், சிங்களத்தில் ஒரு சொல்.
தம்புள்ளையில் ஹோட்டல்களுக்கு நிறம் அடித்தவர் வாசித்தார்:
"லீவு."
வேறொன்றும் இல்லையோ என்றேன்.
"லீவுதான். நாள் எண்ணியிருக்கிறான்."

மேலால அடியுங்கோ
என்றுதான் வாய்க்கு வந்தது.
பரந்தன் கடையில் வெள்ளை ஒரு வாளி
விலை கேட்டு வைத்திருந்தேன்.
சங்கத்தில் கணக்கெழுதும் என் சம்பளத்தில்
இன்னும் மூன்று நாள் கூலி என்பது
இந்த மாதம் மீன் இல்லை என்பது.
அதோடு,
உரித்து எதைப் பார்க்கப் போகிறேன்?

அவர் அதற்குள் ஈரத்துணியை எடுத்து
ஒரு பூவின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.
"மாப்பசையோ எண்டு பாப்பம்."
மாப்பசைதான்.
முழ அகலத்துக்கு ஒரே இழுவையில் வந்தது.
பின்னால் கறையான் போட்ட மண்வீதிகள்,
அவற்றின் பின்னால்
சுண்ணாம்பில் நீலம் கலந்து நாங்கள் அடித்த நிறம்,
நீலத்தின்மேல் பென்சில்.
என் கையெழுத்து.

மண்ணெண்ணெய் 85
சவுக்காரம் 48
சீனி 37
நெருப்புப்பெட்டி 12
ஒரு கோடு.
162.

கொப்பி கிடைக்காத வருடம் அது.
சுவரில் எழுதினால் யார் கேட்பது.

நான் கணக்கை வாசிப்பதில்லை, கூட்டுவேன்.
பழக்கம், கண் தானாக ஓடும்.
ஐந்தும் எட்டும் ஏழும் இரண்டும் இருபத்திரண்டு.
இரண்டைப் போட்டு
இரண்டு மனதில்.

மனதில் வைத்த இரண்டை
நான் கூட்டவேயில்லை.

நூற்றி எண்பத்திரண்டு.

விமலேசன்.
பின் வளவில் கொட்டில் போட்டிருந்தவர்களின் பெடியன்,
பதின்மூன்று வயதிருக்கும்.
இருநூறு கொடுத்தனுப்பினேன், பதினெட்டுக் கொண்டுவந்தான்.
முப்பத்தெட்டு வரவேணும் என்றேன்.
சுவரைக் காட்டினேன்.
படலையடியில், தாய் பார்க்க,
காற்சட்டைப் பையை வெளியே இழுக்கச் சொன்னேன்.
இழுத்தான்.
ஒரு புளியங்கொட்டை விழுந்தது.
பையில் ஓட்டைகூட இல்லை.

அதன்பிறகு அவன் எங்கள் படலையைத் தள்ளவில்லை.
அதன்பிறகு
படலைகளை யாரும் தள்ளவில்லை,
திறந்தபடி விட்டுவிட்டு நடந்தோம் எல்லோரும்.
வலைஞர்மடத்தில் தாயை ஒருமுறை கண்டேன்.
தண்ணீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றா.
அவன் எங்கே என்று நான் கேட்கவில்லை.
கேட்க எனக்கு
ஒரு இருபது ரூபாய் குறுக்கே நின்றது.

"என்னக்கா, சுவரையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்?
இந்த இடத்தில பூச்சு நல்லாத்தான் கிடக்கு.
தாளைத் திருப்பி ஒட்டிப்போட்டு மேலால வெள்ளை அடிக்கலாம்.
தெரியாது."

பென்சில் இருக்கோ என்று கேட்டேன்.
காதிலிருந்து எடுத்துத் தந்தார்.
கையில் வைத்திருந்தேன்.
ஆறை எட்டாக்க ஒரு சுழி போதும்.
யாருக்கு?

திருப்பிக் கொடுத்தேன்.

"உரியுங்கோ."
"எல்லாத்தையுமோ?"
"நாலு பக்கமும்."

வீதியில் மீன்காரனின் ஹோர்ன் கேட்டது,
எங்கள் வாசலில் கொஞ்சம் நின்று கேட்டது.
நான் துணியைத் தண்ணீரில் தோய்த்து
அடுத்த பூவின்மேல் வைத்தேன்.